பருத்தியின் மரபியல் பல்வகைமை

பருத்தியின் மரபியல் பல்வகைமை என்பது பருத்திச் செடிகளுக்கிடையே மரபணு அளவில் காணப்படும் வேறுபாடுகளையும், அவற்றின் விளைவாக இழை, இலை, பூ, விதை, வாழ்நாள், பூச்சி தாங்கும் திறன் ஆகியவற்றில் தோன்றும் பலவகைத் தன்மைகளையும் குறிக்கும். ஒரே நிலத்தில், ஒரே மழையில் வளரும் இரு பருத்திச் செடிகளுள் ஒன்று குட்டையான முரட்டு இழையையும், மற்றொன்று நீளமான மென்மையான இழையையும் தருவதற்கு இவ்வேறுபாடுகளே காரணம். பயிர் மேம்பாட்டாளர்கள் புதிய மரபணுக்களைப் பெரும்பாலும் உருவாக்குவதில்லை. ஏற்கனவே உள்ள வேறுபாடுகளைத் தேர்ந்து இணைக்கின்றனர். எனவே பல்வகைமை குறையுமாயின், எதிர்காலத்தில் தேர்ந்தெடுப்பதற்கான வாய்ப்பும் குறைகிறது.

தமிழ்நாட்டில் இதனை அறிந்து கொள்ளப் பொருத்தமான பகுதிகளுள் ஒன்று விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம் ஆகும்.

== இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம் ==

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த இவ்விரு ஊர்களும் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. திருவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. எஸ்.வி.பி.ஆர். எனத் தொடங்கும் பருத்தி இரகங்கள் இந்நிலையத்தில் உருவாக்கப்பட்டவை; அவ்வெழுத்துகள் ஊரின் பெயரைக் குறிக்கின்றன. இராஜபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936ஆம் ஆண்டில் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் உள்ளிட்ட நூற்பாலைகள் உள்ளன. அருகிலுள்ள சத்திரப்பட்டி, மருத்துவத்துக்குப் பயன்படும் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. விதையைத் தேர்வு செய்யும் இடம், நூல் நூற்கும் இடம், துணி நெய்யும் இடம் ஆகிய மூன்றும் இங்கு அருகருகே அமைந்துள்ளன.

இவை ஒவ்வொன்றும் பருத்தியிடம் வெவ்வேறு பண்பை எதிர்பார்க்கின்றன. மெல்லிய நூல் நூற்க நீளமான, வலிமையான இழை தேவை. உறிஞ்சும் பஞ்சுக்குக் குட்டையான, தடித்த இழை ஏற்றது. உழவருக்கோ வறட்சியையும் பூச்சியையும் தாங்கி, குறைந்த செலவில் நிறையக் காய்க்கும் செடி தேவை. தென்மாவட்டங்களில் புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரியாகவும், மாசி, பங்குனியில் இறவையாகவும் பருத்தி விதைக்கப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய செடிக்கும், கோடை வெயிலில் பாசனத்துடன் வளரும் செடிக்கும் ஒரே இரகம் பொருந்துவது அரிது. இத்தேவைகள் அனைத்தையும் ஒரே மரபணுத் தொகுப்பு நிறைவு செய்வதில்லை.

== பயிரிடப்படும் நான்கு இனங்கள் ==

பருத்தி, காசிப்பியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. வெண்டை, செம்பருத்தி ஆகியன இடம்பெறும் மால்வேசியே குடும்பத்தில் இப்பேரினம் அடங்குகிறது. இதில் ஏறத்தாழ 50 இனங்கள் உள்ளன. அவற்றுள் பின்வரும் நான்கு மட்டுமே பயிரிடப்படுகின்றன.

* காசிப்பியம் ஆர்போரியம்: ஆசிய நாட்டுப்பருத்தி. 26 நிறப்புரிகள் கொண்டது. கரிசல் மண்ணில் விளையும் கருங்கண்ணி இவ்வினத்தைச் சேர்ந்தது.
* காசிப்பியம் எர்பேசியம்: இதுவும் 26 நிறப்புரிகள் கொண்டது. தென்மாவட்டங்களில் முன்பு விளைந்த உப்பம் பருத்தி இவ்வினமாகும்.
* காசிப்பியம் இர்சூட்டம்: நடு அமெரிக்காவில் பயிராக்கப்பட்டது. 52 நிறப்புரிகள் கொண்டது. இன்று உலகின் பருத்தி விளைச்சலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இவ்வினத்திலிருந்தே கிடைக்கிறது.
* காசிப்பியம் பார்படென்சு: தென் அமெரிக்காவில் பயிராக்கப்பட்டது. 52 நிறப்புரிகள் கொண்டது. மிக நீண்ட இழையைத் தருவது. எகிப்தியப் பருத்தி, கடல்தீவுப் பருத்தி ஆகியன இதன் வகைகள்.

நான்கு இனங்களும் தனித்தனியே, வெவ்வேறு மக்களால் பயிராக்கப்பட்டன. இந்தியத் துணைக்கண்டத்தில் பருத்தியின் பயன்பாடு மிகப் பழமையானது. இன்றைய பாக்கித்தானில் உள்ள மெகர்கர் என்னும் புதிய கற்கால ஊரில், செப்பு மணியொன்றின் துளையில் பருத்தி இழைகள் கண்டறியப்பட்டன. அவை கி.மு. ஆறாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை.

== நான்மடியப் பருத்தியின் தோற்றம் ==

இரு தொகுதி நிறப்புரிகள் கொண்ட உயிரினம் இருமடியம் எனவும், நான்கு தொகுதிகள் கொண்டது நான்மடியம் எனவும் அழைக்கப்படும். பருத்தியில் ஒரு தொகுதி 13 நிறப்புரிகளால் ஆனது. நாட்டுப்பருத்தி இருமடியம் (2 × 13 = 26); அமெரிக்கப் பருத்தி நான்மடியம் (4 × 13 = 52).

நான்மடியப் பருத்தியின் நிறப்புரிகளுள் பாதி, ஆசிய, ஆப்பிரிக்கப் பருத்திகளின் நிறப்புரிகளை ஒத்துள்ளன. இவை 'ஏ' தொகுதி எனப்படும். மற்றப் பாதி, அமெரிக்கக் காட்டுப்பருத்திகளின் நிறப்புரிகளை ஒத்துள்ளன. இவை 'டி' தொகுதி எனப்படும். ஏறத்தாழப் பத்து முதல் இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், 'ஏ' தொகுதிப் பருத்தியொன்று அமெரிக்கக் கண்டத்தில் 'டி' தொகுதிப் பருத்தியொன்றுடன் கலந்து, நிறப்புரிகள் இரட்டித்ததால் நான்மடியப் பருத்தி தோன்றியது. 1940ஆம் ஆண்டில் பீசுலி என்னும் அறிவியலாளர், ஆசியப் பருத்தியையும் அமெரிக்கக் காட்டுப்பருத்தி ஒன்றையும் கலந்து, கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருளால் நிறப்புரிகளை இரட்டிக்கச் செய்து, இத்தகைய செடியைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டினார். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் உள்ளது.

'டி' தொகுதியைத் தந்த காட்டுப்பருத்திகளில் நூற்கத்தக்க இழை இல்லை. எனினும் 1998இல் வெளியான மரபணு வரைபட ஆய்வு ஒன்று, நான்மடியப் பருத்தியின் இழைப் பண்புகளை வேறுபடுத்தும் மரபணு இடங்களுள் பல 'டி' தொகுதியிலேயே இருப்பதைக் காட்டியது. புறத்தோற்றத்தில் பயனற்றதாகத் தெரியும் செடியிலும் பயனுள்ள மரபணுக்கள் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

== முட்டைக்கோசுக் குடும்பத்துடன் ஒப்பீடு ==

மரபணு வேறுபாடு பயிர்களின் பல்வகைமைக்கு எவ்வாறு காரணமாகிறது என்பதை விளக்க, முட்டைக்கோசுக் குடும்பம் பாடநூல்களில் எடுத்துக்காட்டாகத் தரப்படுகிறது. முட்டைக்கோசு, பூக்கோசு, நூல்கோல், புரோக்கோலி ஆகிய அனைத்தும் பிராசிக்கா ஒலரேசியா என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒரே காட்டுச் செடியிலிருந்து மக்கள் வெவ்வேறு உறுப்புகளைத் தேர்ந்தெடுத்தனர். நுனி மொட்டைத் தேர்ந்ததால் முட்டைக்கோசும், பருத்த தண்டைத் தேர்ந்ததால் நூல்கோலும், பூங்கொத்தைத் தேர்ந்ததால் பூக்கோசும் உருவாயின.

பருத்தியில் நிகழ்ந்தது இதற்கு எதிரானது. நான்கு வெவ்வேறு இனங்களில் மக்கள் ஒரே உறுப்பை, அதாவது விதையின் மேலுள்ள இழையைத் தேர்ந்தெடுத்தனர். எனவே கோசுகளின் பல்வகைமை கண்ணுக்கு உடனே புலப்படுகிறது. பருத்தியின் பல்வகைமையை அறிய இழையை அளக்க வேண்டியுள்ளது.

இரு குடும்பங்களுக்கும் ஓர் ஒற்றுமையும் உண்டு. நம் சமையலறைக் கடுகு வகைகளுள் ஒன்றான பிராசிக்கா சன்சியா, 20 நிறப்புரிகள் கொண்ட ஓர் இனமும் 16 நிறப்புரிகள் கொண்ட மற்றோர் இனமும் கலந்து தோன்றிய 36 நிறப்புரிகள் கொண்ட நான்மடியம் ஆகும். கொரிய மரபுவழியைச் சேர்ந்த அறிவியலாளர் நாகஹாரு ஊ இதனை 1935ஆம் ஆண்டில் முக்கோண வடிவில் விளக்கினார்.

== மரபணுக்களும் பண்புகளும் ==

=== ஒரு சில மரபணுக்களால் அமையும் பண்புகள் ===

பருத்தியின் சில பண்புகள் ஒன்றிரண்டு மரபணுக்களால் மட்டுமே தீர்மானிக்கப்படுகின்றன. இவற்றை வயலில் எளிதில் இனங்காணலாம்.

* இலை வடிவம்: அகன்ற இலைக்கும், வெண்டை இலை போன்று ஆழமாகப் பிளவுபட்ட இலைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒரே மரபணு இடத்தைப் பொறுத்தது. பிளவுபட்ட இலைகளின் ஊடே வெயிலும் காற்றும் புகுவதால் காயழுகல் குறைகிறது.
* இலை மயிர்: அடர்ந்த மயிருள்ள இலைகளைத் தத்துப்பூச்சி எளிதில் தாக்குவதில்லை. ஆனால் அத்தகைய இலைகளை வெள்ளை ஈ விரும்புகிறது.
* பஞ்சின் நிறம்: காட்டுப்பருத்திகளின் இழை பெரும்பாலும் பழுப்பு நிறமுடையது. வெண்பஞ்சு மனிதத் தேர்வின் விளைவு. ஆந்திரத்தின் காக்கிநாடாப் பகுதியில் செம்பழுப்பு நிறப் பருத்தியும் விளைந்துள்ளது.
* காசிப்பால் சுரப்பிகள்: பருத்திச் செடியிலும் விதையிலும் காசிப்பால் என்னும் நச்சுப்பொருள் கரும்புள்ளிகளாகக் காணப்படும். இரு மரபணுக்களின் ஒடுங்கு வடிவங்கள் ஒன்றுசேர்ந்தால் இச்சுரப்பிகள் தோன்றுவதில்லை. அவ்விதை உணவுக்கு ஏற்றது. ஆனால் காப்பில்லாத அச்செடியைப் பூச்சிகள் எளிதில் தாக்குகின்றன.

ஒரு பண்பு ஒரு சூழலில் நன்மையாகவும் மற்றொரு சூழலில் தீமையாகவும் அமைவதை இவ்வெடுத்துக்காட்டுகள் காட்டுகின்றன. தத்துப்பூச்சி மிகுந்த இடத்தில் மயிருள்ள இலை தேவை. வெள்ளை ஈ மிகுந்த இடத்தில் மழமழப்பான இலை தேவை. இரண்டு வடிவங்களும் பாதுகாக்கப்பட்டால்தான் தேவைக்கேற்பத் தேர்வு செய்ய இயலும்.

=== பல மரபணுக்களால் அமையும் பண்புகள் ===

பருத்தி இழை என்பது ஒரே உயிரணு ஆகும். பூ மலரும் நாளில் விதையுறையின் மேற்புற உயிரணுக்கள் சில நீளத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 20 நாட்கள் நீண்டபின், உட்சுவரில் செல்லுலோசு படிந்து தடிக்கிறது. ஒரு விதையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள் தோன்றலாம். நீளும் காலம், நீளும் வேகம், சுவர் தடிக்கும் அளவு ஆகியவற்றைப் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகத் தீர்மானிக்கின்றன. மண்ணும் நீரும் வெப்பமும் இவற்றைப் பாதிக்கின்றன. அதனால் இழை நீளத்தை ஒரே கலப்பில் மாற்றிவிட முடிவதில்லை. பல தலைமுறைகள் தேர்வு செய்ய வேண்டும்.

இந்தியாவில் 20 மில்லிமீட்டர் வரையுள்ள இழை குட்டை இழை எனவும், 27.5 முதல் 32 மில்லிமீட்டர் வரையுள்ளது நீள இழை எனவும், அதற்கு மேற்பட்டது மிகை நீள இழை எனவும் வகைப்படுத்தப்படுகிறது. சில மில்லிமீட்டர் வேறுபாடு நூற்பாலைக்கு முக்கியமானது. ஒரு பவுண்டு பஞ்சில் 840 கசம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை கிடைக்கின்றனவோ, அதுவே நூலின் எண் ஆகும். 100ஆம் எண் நூல் என்றால், ஒரு பவுண்டுப் பஞ்சிலிருந்து 84,000 கசம் நூல் இழுக்கப்படுகிறது. குட்டை இழையால் இவ்வளவு மெல்லிய நூல் நூற்க இயலாது.

== தமிழ்நாட்டில் பருத்தி இரகங்களின் வரலாறு ==

பழைய திருநெல்வேலிச் சீமையின் கரிசல் நிலங்களில் கருங்கண்ணியும் உப்பமும் மானாவாரியாக விளைந்தன. இவற்றின் பஞ்சு திருநெல்வேலிப் பருத்தி என்னும் வணிகப் பெயரால் அயல்நாடுகளிலும் அறியப்பட்டிருந்தது. 1901ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில், கருங்கண்ணியிலிருந்து தேர்வு செய்த 'கே' வரிசை இரகங்கள் உருவாயின.

நீண்ட இழையை வேண்டிய ஆங்கிலேய அரசு, அமெரிக்கப் பருத்தியை இந்தியாவில் பயிரிட முயன்றது. கோயம்புத்தூர்ப் பகுதியில் இராபர்ட் வைட் என்னும் தாவரவியலாளரின் பொறுப்பில் 1842 முதல் அத்தகைய சோதனை நடைபெற்றது. எனினும் அப்பருத்தி உழவர்களிடையே பரவவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாவிலிருந்து வந்த அமெரிக்க இன விதையே தமிழகத்தில் நிலைபெற்றது. மயிர் நிறைந்த இலைகளைக் கொண்டதால் கம்போடியாப் பருத்தி தத்துப்பூச்சியை ஓரளவு தாங்கியது. இனம் ஒன்றாக இருப்பினும், அதனுள் இருந்த மரபணு வேறுபாடு பயிரின் வெற்றிக்கு உதவியது.

கம்போடியாப் பருத்தியும் ஆப்பிரிக்காவின் உகாண்டாப் பருத்தியும் கலந்து எம்.சி.யு. வரிசை உருவாக்கப்பட்டது. இவ்வெழுத்துகள் சென்னை மாகாணம், கம்போடியா, உகாண்டா என்பவற்றைக் குறிக்கின்றன. 1968இல் வெளியிடப்பட்ட எம்.சி.யு. 5 நீள இழைக்குப் பெயர் பெற்றது. 1974இல் கோயம்புத்தூரில் சுவின் என்னும் இரகம் வெளியிடப்பட்டது. எகிப்தியப் பருத்தியிலிருந்து தேர்ந்த சுசாதாவும், மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் பருத்தியும் இதன் பெற்றோர். பெயரும் அவ்விரண்டின் எழுத்துகளால் ஆனது. இதன் இழையைக் கொண்டு 100ஆம் எண்ணுக்கு மேற்பட்ட நூல் நூற்கலாம். திருவில்லிபுத்தூரின் எஸ்.வி.பி.ஆர். இரகங்கள், வட்டாரப் பட்டங்களுக்கு ஏற்ற அமெரிக்க இனத் தேர்வுகள் ஆகும்.

== கலப்பின விதையும் பி.டி. பருத்தியும் ==

வேறுபட்ட இரு தூய வழிகளைக் கலக்கும்போது, முதல் தலைமுறைச் செடி பெற்றோரைவிட வீரியமாக வளர்வதுண்டு. இதனைப் பயன்படுத்தி, உலகின் முதல் வணிகக் கலப்பினப் பருத்தியான கலப்பினம் 4, சி. டி. பட்டேல் என்பவரால் சூரத்தில் 1970ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. கலப்பினத்தின் விதையைச் சேமித்து விதைத்தால், அடுத்த தலைமுறையில் மரபணுக்கள் பிரிந்து செடிகள் ஒரே சீராக அமைவதில்லை. எனவே உழவர் ஒவ்வோர் ஆண்டும் புதிய விதை வாங்க வேண்டியுள்ளது. கருங்கண்ணி போன்ற தூய இரகங்களில் விதையைச் சேமிக்கும் வழக்கம் இருந்தது.

2002ஆம் ஆண்டில் பி.டி. பருத்திக்கு இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றின் மரபணு பருத்தியில் சேர்க்கப்பட்டது. அம்மரபணு உருவாக்கும் புரதம் காய்ப்புழுக்களைக் கொல்லும். இந்தியாவில் இது பெரும்பாலும் கலப்பினங்களிலேயே விற்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பி.டி. கலப்பினங்கள் ஒப்புதல் பெற்றன. பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இவை பரவின. பச்சைக் காய்ப்புழுவுக்கு எதிரான மருந்துத் தெளிப்பு குறைந்தது.

=== பூச்சியின் மரபியல் பல்வகைமை ===

பல்வகைமை பயிருக்கு மட்டும் உரியதன்று, பூச்சிக்கும் உண்டு. இலட்சக்கணக்கான புழுக்களுள் நச்சைத் தாங்கும் மரபணு கொண்டவை மிகச் சில இருக்கக்கூடும். எல்லா வயல்களிலும் ஒரே நச்சு இருந்தால், அச்சிலவே பிழைத்துப் பெருகும். இதனைத் தடுக்கவே, பி.டி. அல்லாத பருத்தியை வயலோரத்தில் புகலிடப் பயிராக விதைக்குமாறு அறிவுறுத்தப்பட்டது. அங்கு வளரும் நச்சைத் தாங்காத பூச்சிகள், தாங்கும் பூச்சிகளுடன் இணைவதால் எதிர்ப்புத்திறன் பரவுவது தாமதமாகும். ஆனால் இவ்வறிவுரை பரவலாகப் பின்பற்றப்படவில்லை.

கலப்பினத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. பி.டி. மரபணு பெற்றோருள் ஒன்றில் மட்டும் இருப்பின், கலப்பினச் செடியின் காய்க்குள் உள்ள விதைகளில் மெண்டலின் விதிப்படி நான்கில் மூன்று பங்கு நச்சுள்ளவையாகவும், ஒரு பங்கு நச்சற்றவையாகவும் அமையும். விதையைத் தின்னும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு ஒரே காயில் இரண்டும் கிடைக்கின்றன. மேலும், இக்கலப்பினங்களுள் பல ஆறு மாதங்களுக்கு மேல் வயலில் நிற்பதால், புழு பல தலைமுறைகள் பெருக வாய்ப்பு ஏற்பட்டது. 2010ஆம் ஆண்டில் குசராத்தில் முதல் தலைமுறைப் பி.டி. பருத்தியைத் தாங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இருப்பது அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில், இரு மரபணுக்கள் கொண்ட இரண்டாம் தலைமுறையையும் அது தாங்கியது.

== பல்வகைமைக் குறைவு ==

1947ஆம் ஆண்டில் இந்தியாவின் பருத்திப் பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு நாட்டுப்பருத்தியாக இருந்தது. இன்று அமெரிக்க இனமும் அதன் கலப்பினங்களும் பெரும் பரப்பில் உள்ளன. சந்தையில் கலப்பினங்களின் பெயர்கள் மிகுதி. ஆயினும் அவை பெரும்பாலும் ஒரே இனத்தைச் சார்ந்தவை. பெயர்களின் எண்ணிக்கையைப் பல்வகைமை எனக் கொள்ள இயலாது.

நாட்டுப்பருத்தியின் விளைச்சலும் இழை நீளமும் குறைவு; காய்கள் சிறியவை. உழவர் அதனைக் கைவிட்டதற்கு இவை போதிய காரணங்கள். எனினும் அதற்கெனச் சில வலிமைகள் உண்டு. கருங்கண்ணி ஆழமாக வேரூன்றி மானாவாரிக் கரிசலில் வறட்சியைத் தாங்குகிறது. தத்துப்பூச்சி முதலிய சாறு உறிஞ்சும் பூச்சிகளை ஓரளவு எதிர்க்கிறது. வட இந்தியாவில் அமெரிக்கப் பருத்தியைத் தாக்கும் இலைச்சுருள் நச்சுயிரி ஆசியப் பருத்தியைத் தாக்குவதில்லை. அதன் தடித்த குட்டை இழை உறிஞ்சும் பஞ்சுக்கு ஏற்றது.

இப்பண்புகளை அமெரிக்கப் பருத்திக்கு மாற்றுவது எளிதன்று. 26 நிறப்புரிகள் கொண்ட செடியை 52 நிறப்புரிகள் கொண்ட செடியுடன் கலந்தால், 13உம் 26உம் சேர்ந்து 39 நிறப்புரிகள் கொண்ட மலட்டுச் செடி கிடைக்கிறது. நிறப்புரிகளை இரட்டித்து 78 ஆக்கி, பின்னர் மீண்டும் மீண்டும் கலந்தே விரும்பிய மரபணுவைப் பெற முடியும். இது நெடுங்காலப் பணி. மராட்டியத்தின் பர்பணியில் இவ்வழியில் நீள இழை கொண்ட நாட்டுப்பருத்தி இரகங்கள் உருவாக்கப்பட்டுள்ளன.

== பாதுகாப்பும் எதிர்காலப் பயனும் ==

நாக்பூரில் 1976ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பருத்தி வகைகளின் விதைகளைப் பாதுகாக்கிறது. இதன் மண்டல நிலையம் கோயம்புத்தூரில் உள்ளது. குளிரறையில் விதையைச் சேமிப்பது வெளியிடப் பாதுகாப்பு எனப்படும். விதைகள் முளைப்புத்திறனை இழக்குமுன் அவற்றை மீண்டும் வயலில் வளர்த்துப் புதுப்பிக்க வேண்டும். திருவில்லிபுத்தூர், கோவில்பட்டி போன்ற வட்டார நிலையங்களில் வளர்த்துப் பார்க்கும்போதே, ஒரு வகை அந்நிலத்தின் வெயிலையும் பூச்சியையும் தாங்குமா என்பது தெரியவரும். உழவரின் வயலில் ஆண்டுதோறும் விளையும் பயிரோ, மாறிவரும் மழைக்கும் பூச்சிக்கும் ஏற்பத் தொடர்ந்து தேர்வுக்கு உள்ளாகிறது. எனவே குளிரறை, ஆராய்ச்சி வயல், உழவர் வயல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

2012 முதல் 2015 வரையிலான ஆண்டுகளில் 'டி' தொகுதிக் காட்டுப்பருத்தி, ஆசியப் பருத்தி, அமெரிக்கப் பருத்தி ஆகியவற்றின் மரபணுத்தொகைகள் அடுத்தடுத்து வரிசைப்படுத்தப்பட்டன. இதனால் விரும்பிய மரபணு ஒரு நாற்றில் உள்ளதா என்பதை இழை விளையும் வரை காத்திராமல் அறிய முடிகிறது. ஆனால் வரிசைப்படுத்துவதற்கு முதலில் செடி இருக்க வேண்டும். வயலிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் மறைந்துபோன வகையின் மரபணுவை எக்கருவியாலும் தேடிப் பெற இயலாது.

இன்றைய மேம்பாட்டுப் பணியின் ஒரு முதன்மை நோக்கம், குறுகிய காலத்தில் ஒரே சமயத்தில் காய்க்கும், பக்கக்கிளை குறைந்த செடியை உருவாக்குவது ஆகும். கோயம்புத்தூரிலிருந்து 2020இல் வெளியான கோ 17 இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய செடிகளை நெருக்கமாக நடலாம். பயிர் விரைவில் முடிவதால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பெருகும் காலமும் குறைகிறது. இதற்கு வேண்டிய மரபணுக்கள் புதிதாகப் படைக்கப்பட்டவையல்ல. ஒரு காலத்தில் சந்தைக்குத் தேவைப்படாத பண்புகளும் ஆராய்ச்சி நிலையங்களின் விதைத் தொகுப்புகளில் தொடர்ந்து வளர்த்துப் பாதுகாக்கப்படுவதாலேயே, புதிய சிக்கல் எழும்போது அவற்றுக்கான தீர்வைத் தேட ஓர் இடம் இருக்கிறது.